மலையின் குற்றமும் யந்திரத்தின் குற்றமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் மடிக்கணினிக்கு இணையம் எட்டாமற்போனால், காரணத்தை ஆராயப் புகுவதற்கு முன்பே, பெரும்பாலோர் ஜன்னல் வழியாக எதிர்முகட்டையும் அதன்மேல் இறங்கிக்கொண்டிருக்கும் பனிமூட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "இன்றைக்கு லைன் இல்லை" என்று சொல்லிக் கணினியை மூடிவைத்துவிடுகிறார்கள். மலையின்மேல் சுமத்தப்படும் இந்தக் குற்றச்சாட்டு சில வேளைகளில் உண்மையே. ஆனால் லினக்ஸ் இயங்கும் மடிக்கணினிகளில் நான் கண்ட கம்பியில்லாத் தொடர்புக் கோளாறுகளில் பல, மலை பெயர்ந்து சமவெளியானாலும் தீராதவை. அவை யந்திரத்துக்குள்ளேயே, அதன் வைஃபை அட்டையிலோ, அதை இயக்கும் டிரைவரிலோ, யாரோ அறியாமல் அழுத்திவிட்ட ஒரு விசையிலோ தங்கியிருப்பவை. எது மலையின் குற்றம், எது யந்திரத்தின் குற்றம் என்று பிரித்தறிவதே பழுது நீக்கலின் முதற்காரியம் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது. மற்றவையெல்லாம் அந்தப் பிரிப்பைச் செய்வதற்கான உபாயங்கள்.

இந்தப் பிரதேசத்தின் ஸ்வபாவத்தை முதலில் சற்று நினைவுகூர்வது அவசியம். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் அரசாங்க நில அளவையாளர் இம்மலைகளுக்கு வந்து சென்றார், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் தோன்றியது. அந்நாளில் காடு திருத்தித் தேயிலை நட்டவர்கள், மண்ணையும் மழையையும் சரிவையும் நீரோடையையும் பார்த்துத் தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் இடம் வகுத்தார்களேயன்றி, பல தலைமுறைகளுக்குப் பின் அந்த லயத்துப் பிள்ளைகள் கண்ணுக்குப் புலனாகாத அலைகளைக் கொண்டு பாடம் படிக்க நேரும் என்பதை எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த குனோங் பிரிஞ்சாங் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கிறது. ஆனால் அதன் சரிவிலேயே அமைந்த சுங்கை பாலாஸ் தோட்டத்துக்கும், ஹாபு பக்கத்துப் பள்ளத்தாக்கில் கிடக்கும் போ தோட்டத்துக்கும், இன்னும் தாழ்ந்த ரிங்லெட்டுக்கும், வடக்கே கம்போங் ராஜாவுக்கு அருகிலுள்ள புளூ வேலிக்கும் ஒரே தரமான சமிக்ஞை கிடைக்குமென்று எதிர்பார்ப்பதற்கில்லை. ரேடியோ அலை மண்மேட்டைத் துளைத்துச் செல்வதில்லை. இடையிலே ஒரு முகடு குறுக்கிட்டால், கோபுரம் எவ்வளவு அருகிலிருந்தாலும் அது தூரத்திலிருப்பதற்கே சமானம்.

கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்து, பள்ளிக்கூடங்கள் மூடி, பாடம் வீட்டுக்குள் வந்தபோது, தோட்டத்து வீடுகளில் கணினி ஆடம்பரப் பொருள் என்னும் எண்ணம் ஒரே நாளில் மறைந்தது. அப்பொழுது பலர் கையில் கிடைத்தவை, பட்டணத்து உறவினர் தந்துவிட்ட பழைய மடிக்கணினிகளே. புதிய விண்டோஸைத் தாங்க மாட்டாத அத்தகைய யந்திரங்களுக்கு, 1991இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி உலகத்தார் பலர் சேர்ந்து வளர்த்த லினக்ஸ், விலையில்லாமல் மறுவாழ்வு தருகிறது. நூற்றுக்கணக்கான வெள்ளி செலவழித்துப் புதுக் கணினி வாங்க முடியாத குடும்பத்துக்கு இது சாமான்யமான உதவியன்று. அந்த உதவி, வைஃபை ஒன்று வேலை செய்யாத காரணத்தால் அலமாரிக்குள் போய்விடக்கூடாது என்ற கவலையினாலேயே இந்த அத்தியாயத்தைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இதில் வரும் கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலைத் திறந்து அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். நிர்வாக அனுமதி கேட்கும் கட்டளைகளுக்கு முன்னால் 'சூடோ' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சோதனையின் கிரமம்

தேயிலைத் தொழிற்சாலையில் தூளின் நிறமோ மணமோ குன்றினால், அனுபவமுள்ள டீமேக்கர் உலர்த்தும் அடுப்பை எடுத்த எடுப்பிலேயே குறைகூறுவதில்லை. கொழுந்து வாடியது சரியா, உருட்டியது சரியா, நொதிக்க விட்ட நேரம் சரியா என்று முந்தைய படியிலிருந்து பிந்தைய படிக்கு வருகிறார், முதற்படியில் பிழையிருக்கக் கடைசிப் படியைத் திருத்துவது வீண் பிரயத்தனம் என்பதை அறிந்தவராதலால். கம்பியில்லாத் தொடர்புக்கும் இத்தகைய படிகள் உண்டு. வைஃபை அட்டை இருப்பதைக் கணினி அறிந்திருக்க வேண்டும். அந்த அட்டை தடைசெய்யப்படாதிருக்க வேண்டும். அதற்குரிய டிரைவரும் ஃபர்ம்வேரும் ஏறியிருக்க வேண்டும். அது சுற்றுப்புறத்து வைஃபைகளைக் கேட்க வேண்டும். கடவுச்சொல்லைச் சொல்லி உள்ளே அனுமதி பெற வேண்டும். ரூட்டரிடமிருந்து ஒரு முகவரி வாங்க வேண்டும். கடைசியாக, இணையத்தளங்களின் பெயர்களை எண்களாக மாற்றிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் எந்தப் படியில் சங்கிலி அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால் எதையும் மாற்றாதீர்கள். குறிப்பாக, லினக்ஸையே அழித்து மறுபடியும் நிறுவும் ஆசைக்கு இடங்கொடாதீர்கள். அப்படிச் செய்தால் குறை தீர்ந்தாலும் ஏன் தீர்ந்தது என்பது தெரியாது. தீராவிட்டால், பழைய குறையோடு புதிய குறைகளும் வந்து சேரும்.

எல்லாவற்றுக்கும் முந்திய பரீட்சை மிக எளியது. கணினி இருக்கும் அதே மேஜைமேல் ஒரு கைப்பேசியை வைத்து, அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைப்பேசிக்கும் இணையம் இல்லையென்றால், குறை ரூட்டரிலோ, அதற்கு வரும் இணைப்பிலோ, மலையிலோ இருக்கிறது. உங்கள் லினக்ஸ் நிரபராதி. கைப்பேசிக்கு இணையம் தாராளமாகக் கிடைத்துக் கணினிக்கு மாத்திரம் கிடைக்கவில்லையென்றால், பனிமூட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதில் பிரயோஜனம் இல்லை. இரண்டாவது கைப்பேசியை ஹாட்ஸ்பாட்டாக்கிக் கணினியை அதில் இணைத்துப் பார்ப்பது இதன் மறுபக்கம்: ஹாட்ஸ்பாட்டில் இணைந்து ரூட்டரில் இணையாத கணினியின் அட்டை நல்ல நிலையில்தான் இருக்கிறது. கைப்பேசியில் சோதிக்கும்போது அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட மறக்கக்கூடாது. மறந்தால், வைஃபை செத்திருக்கும்போதே கைப்பேசி தன் சொந்த இணைப்பில் பக்கங்களைத் திறந்து காட்டி நம்மை ஏமாற்றிவிடும்.

யந்திரத்துக்குள்ளே

குற்றம் யந்திரத்தினுடையது என்று தெரிந்த பிறகு, முதலில் 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்ற கட்டளையைக் கொடுங்கள். அது ஒவ்வொரு ரேடியோ சாதனத்துக்கும் இரண்டு வரிகள் காட்டும்: 'சாஃப்ட் பிளாக்டு' என்பது மென்பொருள் வழியே விதிக்கப்பட்ட தடை, 'ஹார்ட் பிளாக்டு' என்பது விசையின் மூலமோ பக்கவாட்டுச் சுவிட்சின் மூலமோ விதிக்கப்பட்ட தடை. முதல் வகைத் தடையை 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற ஒரே வரி நீக்கிவிடும். இரண்டாவது வகையை எந்தக் கட்டளையாலும் நீக்க முடியாது, விமானக் குறியிட்ட விசையையோ கணினியின் ஓரத்திலுள்ள சிறு சுவிட்சையோ தேடி மாற்ற வேண்டும். பழைய கணினிகளில் இந்தச் சுவிட்சு கைபட்டுத் தானே நகர்ந்துவிடுவது சகஜம். விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால், விண்டோஸை முழுவதுமாக நிறுத்தாமல் அதன் துரிதத் தொடக்க வசதியோடு மூடிய காரணத்தால் அட்டை அரைத்தூக்கத்தில் கிடந்து லினக்ஸுக்கு வசப்படாமல் போவதும் உண்டு. விண்டோஸில் அந்த வசதியை அணைத்து, கணினியை முறையாக நிறுத்தி மறுபடியும் எழுப்பினால் அது தீரும்.

தடை எதுவும் இல்லையென்றால், உள்ளிருக்கும் அட்டைகளுக்கு 'எல்எஸ்பிசிஐ', யுஎஸ்பி அடாப்டர்களுக்கு 'எல்எஸ்யுஎஸ்பி' என்ற கட்டளைகளால் அட்டையின் பெயரைக் கண்டுகொள்ளுங்கள். இன்டெல், ஏதரோஸ், ரியல்டெக், பிராட்காம், மீடியாடெக் என்ற பெயர்களுள் ஒன்று பெரும்பாலும் தென்படும். அந்தப் பெயரையும் அதன் மாதிரி எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவைத்துக்கொள்வது பிற்பாடு பெரிதும் உதவும். பட்டியலில் அட்டையே இல்லையென்றால், அது தளர்ந்து போயிருக்கலாம், அல்லது பழுதடைந்திருக்கலாம். ஈரம் மிகுந்த இந்த மலைக்காற்றில் ஆண்டுக்கணக்காக இருந்த பழைய கணினிகளின் இணைப்பு முனைகளில் களிம்பு ஏறுவது வியப்பன்று. அட்டையை ஒருமுறை கழற்றி, உலர்ந்த துணியால் துடைத்து மறுபடியும் பொருத்தச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்பதில் தவறில்லை.

அட்டை தெரிகிறது, ஆனால் வைஃபை இல்லை என்ற நிலையே அடிக்கடி காண்பது. இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். இக்காலத்து வைஃபை அட்டை தனக்கென ஒரு செயலியை உடையது. அது விழித்தெழுவதற்கு ஃபர்ம்வேர் என்னும் ஒரு சிறு நிரலைக் கணினி அதனுள் ஏற்ற வேண்டும். அட்டை செய்யும் நிறுவனங்கள் அந்த நிரலின் மூலத்தைப் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. ஆகையால், மூலம் திறந்திருக்க வேண்டுமென்ற கொள்கையைக் கண்டிப்பாகக் காத்துவந்த டெபியன் அமைப்பினர், நெடுங்காலம் அதைத் தம் நிறுவு தொகுப்பில் சேர்க்காதிருந்து, 2022இல் தமக்குள் வாக்கெடுப்பு நடத்தி, 2023 ஜூனில் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து சேர்த்திருக்கிறார்கள். பழைய டெபியன் பென் டிரைவை வைத்துக்கொண்டு நிறுவுகிறவர்கள் இன்றும் அவதிப்படுவது இதனால்தான். புதிய பதிப்பை இறக்கிக்கொள்வதே அவர்களுக்குச் சிறந்த மருந்து.

ஃபர்ம்வேர் ஏறியதா என்று யந்திரத்தையே கேட்கலாம். 'டிஎம்ஈஎஸ்ஜி' என்ற கட்டளை, கணினி எழுந்த கணம் முதல் லினக்ஸின் உட்கருவான கெர்னல் எழுதிவைத்த தினக்குறிப்பைக் காட்டும். அதில் ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளைப் பாருங்கள். 'எரர் மைனஸ் 2' என்று முடியும் வரி, வேண்டிய கோப்பு வட்டில் இல்லை என்பதைத் தெரிவிப்பது. ஆனால் ஒரு முக்கியமான விஷயம்: இன்டெல் அட்டைகளின் டிரைவர், மிகப் புதிய ஃபர்ம்வேரிலிருந்து தொடங்கிப் படிப்படியாகப் பழைய பதிப்புகளைத் தேடிப் பார்க்கும் வழக்கமுடையது; ஆகவே அத்தகைய வரிகள் நாலைந்து வந்து, அதன் கீழேயே ஒரு பதிப்பு வெற்றிகரமாக ஏறியதாக ஒரு வரி வந்தால், அந்த முதல் வரிகளைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. தேடல் முழுவதும் தோல்வியில் முடிந்தால்தான் ஃபர்ம்வேர் தொகுப்பை நிறுவ வேண்டும். உபுண்டுவிலும் அதன் வழிவந்த மிண்ட்டிலும் அது 'லினக்ஸ்-ஃபர்ம்வேர்' என்ற பெயரில் இருக்கிறது. பழைய பிராட்காம் அட்டைகளுக்கு மாத்திரம் தனித் தொகுப்பு வேண்டும், அதனைக் கூடுதல் டிரைவர்கள் என்ற சாளரமே எடுத்துக்காட்டும்.

இங்கேதான் பலர் திகைத்து நின்றுவிடுகிறார்கள்: வைஃபையைச் சரிசெய்யும் தொகுப்பை இறக்குவதற்கே இணையம் வேண்டுமே, அதற்கு எங்கே போவது? தானா ராத்தா பட்டணம் வரைக்கும் கணினியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியை அதன் சார்ஜர் கேபிளால் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யுஎஸ்பி டெதரிங் என்பதை இயக்கிவிடுங்கள். லினக்ஸ் அதனை ஒரு கம்பி இணைப்பாகவே கருதித் தானாக ஏற்றுக்கொள்ளும். டிரைவர் எதையும் தேட வேண்டியதில்லை. கைப்பேசி வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையையும், மொபைல் டேட்டாவில் இருந்தால் அதையும் கேபிள் வழியே கணினிக்குக் கொடுக்கும். சார்ஜ் மாத்திரம் ஏற்றும் மலிவுக் கேபிள்களில் இது நடவாது என்பதொன்றே கவனிக்கத்தக்கது. இந்த ஓர் உபாயத்தை அறிந்தவர்கள், வைஃபை அட்டை முற்றிலும் பழுதான நாளிலும் வேலையைத் தொடர்ந்து செய்ய முடியும். ஆகையால் குறை வருவதற்கு முன்பே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள் என்று மிகவும் வேண்டிக்கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய 3ஜி டாங்கிளை மாத்திரம் நம்ப வேண்டாம். மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டுவிட்டது.

நேற்றுவரை வேலை செய்தது, அப்டேட் செய்து மறுபடியும் எழுப்பியதும் வைஃபை காணவில்லை என்பார்க்கு வேறொரு காரணம் உண்டு. சில ரியல்டெக் அட்டைகளின் டிரைவர் கெர்னலோடு சேர்ந்து வராமல், வெளியிலிருந்து நிறுவப்பட்டதாயிருக்கும். கெர்னல் மாறும்போதெல்லாம் அதைப் புதிதாகத் தொகுக்க வேண்டும், அந்தத் தொகுப்பு தோற்றுப்போனால் அட்டை ஊமையாகிவிடும். அப்போது கணினியை எழுப்பும்போது வரும் கிரப் பட்டியலில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் சென்று முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். வைஃபை திரும்பிவந்தால் காரணம் உறுதியாகிவிட்டது, அந்தப் பழைய கெர்னலிலிருந்தே டிரைவரின் புதிய பதிப்பை இறக்கிக்கொள்ளலாம். கையொப்பமிட்ட நிரல்களை மாத்திரம் ஏற்கும் செக்யூர் பூட் இயங்கும் கணினிகளில், வெளியிலிருந்து வந்த டிரைவர் கையொப்பமில்லாத காரணத்தால் நிராகரிக்கப்படுவதும் உண்டு.

மலையைப் பற்றி

இனி, மலையின்மேல் சுமத்தப்படும் குற்றங்களை விசாரிப்போம். முதற்குற்றவாளியாகக் கூண்டில் நிறுத்தப்படும் பனிமூட்டம் உண்மையில் குற்றமற்றது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 6 சென்டிமீட்டர். மூடுபனியின் துளியோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். இவ்வளவு நுண்ணிய துளிகள் இவ்வளவு நீண்ட அலைகளைப் பொருட்படுத்தத்தக்க அளவில் தடுப்பதில்லை. வீட்டுக்குள்ளும் முற்றத்திலும் உள்ள தூரத்துக்கு அவற்றால் வரும் இழப்பு கணக்கில் கொள்ளத்தக்கதே அன்று. ஆனால் பெருமழையின் கதை வேறு. பத்து கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அதிர்வெண்களை மழைத்துளிகள் விழுங்கத் தொடங்குகின்றன. கூரைமேலுள்ள செயற்கைக்கோள் தொலைக்காட்சித் தட்டு கனமழையில் படத்தை இழப்பதும், 2023இல் மலேசியாவுக்கு வந்த ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் இணையம் பெருமழையில் தளர்வதும் இதனாலேயே. கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே தகவல் சுமக்கும் மைக்ரோவேவ் இணைப்புகளும் இவ்வாறே பாதிக்கப்படலாம். ஆகவே மழையில் வைஃபை இணைந்தேயிருந்து இணையம் மாத்திரம் நின்றுபோனால், வீட்டுக்குள் திருத்துவதற்கு ஒன்றுமில்லை. மழை விடும்வரை பொறுத்திருப்பதே வழி.

பனிக்காலையில் சமிக்ஞை உண்மையாகவே குறைந்து காணப்பட்டால், இடையிலுள்ள மரங்களின் நனைந்த இலைகளைச் சந்தேகிக்கலாம்; இலைகளில் தங்கிய நீர் அலைகளை உறிஞ்சுகிறது. அதைவிடப் பெரிய தடை, லயத்து வீடுகளின் தகரக் கூரையும் தகரத் தடுப்புகளும். உலோகம் அலையைத் திருப்பியடித்துவிடுமாதலால், முன்னறையில் ரூட்டர் இருக்க, தகரம் அடைத்த பின்னறையில் கணினி இருந்தால், பத்தடி தூரமும் பெருந்தூரமாகிவிடும். ஊகத்தை விட்டு எண்ணைக் கொண்டு பேசுவதற்கு 'ஐடபிள்யூ டெவ்' என்ற கட்டளையால் அட்டையின் பெயரை அறிந்து, அந்தப் பெயரோடு 'லிங்க்' என்று சேர்த்துக் கேளுங்கள். சமிக்ஞையின் வலிமை டிபிஎம் என்ற அளவில் மைனஸ் எண்ணாக வரும். மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை காணொளி வகுப்புக்குப் போதுமானது. மைனஸ் 80க்குக் கீழே போனால் இணைப்பு நிலைப்பது அரிது. இந்த அளவில் மூன்று குறைந்தால் வலிமை பாதியாகிறது, பத்து குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்பதை மனத்திற் கொண்டால், மேஜையை ஜன்னலோரம் நகர்த்துவது எவ்வளவு பெரிய லாபம் என்பது விளங்கும்.

சமிக்ஞை வலிமையாயிருந்தும் வேகம் இல்லையென்றால், நெரிசலைச் சந்தேகியுங்கள். லயத்தில் சுவரோடு சுவராக வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ரூட்டரோ ஹாட்ஸ்பாட்டோ உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் இருப்பதாகத் தோன்றினாலும், அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்து, ஒவ்வோர் இணைப்பும் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் பிடிப்பதால், ஒன்றையொன்று தொடாதவை 1, 6, 11 என்ற மூன்றே. 'என்எம்சிஎல்ஐ டிவைஸ் வைஃபை லிஸ்ட்' என்ற கட்டளை அக்கம்பக்கத்து வைஃபைகளையும் அவற்றின் சேனல்களையும் வரிசையாகக் காட்டும்; அதிகம் காலியாக உள்ளதை ரூட்டரில் தேர்ந்தெடுப்பது ஒரு வீட்டுக்கு மட்டுமன்றி அயலாருக்கும் நன்மை. கணினியோடு யுஎஸ்பி 3 வட்டு ஒன்று இணைந்திருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அதன் கேபிளிலிருந்து எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும்.

கைப்பேசிக்குத் தெரியும் வைஃபை கணினிக்குத் தெரியவே இல்லை என்பதும் ஒரு பொதுவான முறையீடு. பழைய கணினியின் அட்டை 2.4 கிகாஹெர்ட்ஸ் மாத்திரம் அறிந்ததாக இருந்து, ஹாட்ஸ்பாட் 5 கிகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால் இப்படி நேரும். ஹாட்ஸ்பாட் அமைப்பில் 2.4ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஐபோனில் அதிகபட்சப் பொருத்தம் என்பதை இயக்க வேண்டும். அட்டை எந்த நாட்டில் இருக்கிறதென்று லினக்ஸுக்குத் தெரியாதபோது, எல்லா நாட்டுக்கும் பொதுவான குறுகிய விதியைக் கையாண்டு 12, 13ஆம் சேனல்களையும் 5 கிகாஹெர்ட்ஸின் பல சேனல்களையும் அது தயக்கத்தோடே நடத்தும். 'ஐடபிள்யூ ரெக் செட்' என்பதோடு மலேசியாவின் எம் ஒய் என்ற ஈரெழுத்துக் குறியை ஆங்கிலப் பெரிய எழுத்தில் சேர்த்துக் கொடுத்தால் அந்தத் தயக்கம் நீங்கக்கூடும். மின்சாரம் போய் வந்த உடனே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மறைந்திருப்பதைக் கண்டும் பதற வேண்டாம். ரேடார்களோடு பங்கிட்டுக்கொள்ளும் சேனல்களில், ரூட்டர் ஒலிபரப்பத் தொடங்குமுன் குறைந்தது 60 வினாடி காது கொடுத்துக் கேட்க வேண்டுமென்பது விதி.

கடவுச்சொல், முகவரி, பெயர்

கடவுச்சொல் தவறென்று கணினி மீண்டும் மீண்டும் சொல்லும்போது, தமிழ் விசைப்பலகை இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தமிழ்99இல் பழகிய நம் வீட்டுக் கணினிகளில் இது நேர்வது மிக இயல்பு. கட்டத்தில் புள்ளிகள் மாத்திரம் தெரிவதால், உள்ளே தமிழெழுத்து விழுவது கண்ணுக்குப் படுவதில்லை. கடவுச்சொல்லைக் காட்டச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வது உத்தமம். எழுத்து சரியாக இருந்தும் அனுமதி கிடைக்கவில்லையென்றால் இரண்டு சாத்தியங்கள் மிஞ்சுகின்றன: ரூட்டர் டபிள்யூபிஏ3 என்ற புதிய பாதுகாப்பை மாத்திரம் ஏற்க, பழைய அட்டைக்கு அது தெரியாதிருக்கலாம், அல்லது சமிக்ஞை மிகவும் பலவீனமாயிருந்து, இரு பக்கமும் பரிமாறிக்கொள்ள வேண்டிய நான்கு செய்திகளுள் ஒன்று வழியில் தொலைந்துபோக, கணினி அதனைத் தவறான கடவுச்சொல் என்று தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இந்த இரண்டாவதில் மலையின் குற்றம் யந்திரத்தின் வாயால் வேறு பெயரில் வெளிப்படுகிறது. ரூட்டருக்கு அருகில் போய் ஒருமுறை இணைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இணைந்த பிறகும் பக்கங்கள் திறக்கவில்லையா? 'ஐபி அட்ரஸ்' என்று கேட்டு, கணினிக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினாலோ, முகவரியே இல்லாதிருந்தாலோ, ரூட்டர் முகவரி வழங்கவில்லை. ரூட்டரை அணைத்து எழுப்புங்கள். 192.168 போன்ற முகவரி இருந்தால், 'ஐபி ரூட்' கட்டளையில் டிஃபால்ட் என்ற சொல்லை அடுத்து வரும் எண்ணை, அதாவது ரூட்டரின் முகவரியை, 'பிங்' செய்யுங்கள். அதற்குப் பதில் வந்தால் வீட்டுக்குள் எல்லாம் சரி. அடுத்து 8.8.8.8 என்ற பொது முகவரியை பிங் செய்யுங்கள். பதில் வராவிட்டால் குறை வெளியே, ரூட்டருக்கு அப்பால் இருக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெயர்களை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சேவை கெட்டிருக்கிறது. இணைப்பின் அமைப்பில் 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்பதை டிஎன்எஸ்ஸாக எழுதிவைத்தால் அது பெரும்பாலும் சரியாகும்.

பிங் எல்லாம் பழுதின்றி நடந்தும், ஒவ்வொரு தளமும் பாதுகாப்பற்றதென்று உலாவி எச்சரிக்குமானால், கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். பழைய கணினிகளின் உள்ளேயுள்ள சிறு பேட்டரி தீர்ந்துவிட்டால், எழும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தளங்களின் சான்றிதழ்கள் இன்னும் பிறக்காதவையாகக் கணினிக்குத் தோன்றும். 'டைம்டேட்சிடிஎல்' என்ற கட்டளை தேதியைக் காட்டும். தேதியைத் திருத்தினால் இணையம் அக்கணமே திரும்பும். பேட்டரியை மாற்றினால் குறை மறுபடி வாராது.

இணைந்து இணைந்து அறுவது

பத்து நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நிற்கும் இணைப்பு, முற்றிலும் நின்ற இணைப்பைவிட மனத்தை அதிகம் வருத்துவது. சமிக்ஞை எண் நன்றாக இருந்தும் இவ்வாறு நேர்ந்தால், மின்சிக்கன ஏற்பாடே முதற்சந்தேகம். வேலையில்லாத வேளையில் அட்டை கண்ணயர்வதற்கு லினக்ஸ் இடங்கொடுக்கிறது. சில அட்டைகள் கண்ணயர்ந்தால் எளிதில் எழுவதில்லை. 'ஐடபிள்யூ டெவ்' என்பதோடு அட்டையின் பெயரையும் 'செட் பவர்_சேவ் ஆஃப்' என்பதையும் சேர்த்துக் கொடுத்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் கவனியுங்கள். குறை நீங்கினால், நெட்வொர்க்மேனேஜர் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்பதன் மதிப்பை 2 என்று எழுதிவைத்தால் அந்த ஏற்பாடு நிலையாகிவிடும். பேட்டரி சிறிது விரைவாகத் தீரும், அதை ஏற்றுக்கொள்ளலாம். மின்சிக்கனத்தை நீக்கியும் அறுந்தால், அறுந்த உடனே 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையால் கடைசி வரிகளைப் படித்து, அவற்றை அப்படியே ஒரு கோப்பில் சேமித்துவிடுங்கள். உதவி கேட்கப் போகும்போது, வைஃபை வரவில்லை என்ற ஒரு வாக்கியத்தைவிட, அட்டையின் பெயரும் கெர்னலின் எண்ணும் அந்த வரிகளும் நூறு மடங்கு பயன்படும்.

இவ்வளவு விசாரணைக்குப் பிறகும் குற்றம் மலையினுடையதே என்று உறுதிப்பட்டால், அப்பொழுதுதான் பணம் செலவழிக்க வேண்டும். கைப்பேசிக்கு நல்ல சமிக்ஞை கிடைக்கும் ஜன்னலில் அதை நிறுத்தி, நீளமான கேபிளால் யுஎஸ்பி டெதரிங் செய்வது செலவில்லாத முதல் வழி. இரண்டாவது, வெளி ஆன்டெனா உள்ள யுஎஸ்பி வைஃபை அடாப்டர். அதை வாங்குமுன், அதன் சில்லுக்குரிய டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறதா என்று விசாரித்து வாங்குங்கள். மூன்றாவது, நான் எல்லாவற்றிலும் மேலானதாகக் கருதுவது, ரூட்டரிலிருந்து கணினிக்கு ஒரு ஈதர்நெட் கம்பி இழுத்துவிடுவது: 100 மீட்டர் வரை அது குறையின்றி வேலை செய்யும், தகரமும் நனைந்த இலையும் அதனை ஒன்றும் செய்வதில்லை. கம்பியை வீட்டுக்கு வெளியே, கூரை வழியாகக் கொண்டுசெல்ல மாத்திரம் வேண்டாம். இந்த மலைகளில் பிற்பகல் இடிமுழக்கம் அடிக்கடி வருவது, மின்னலின் வீச்சு அந்தக் கம்பியில் புகுந்தால் ரூட்டரோடு கணினியும் போய்விடும். இடி கேட்கத் தொடங்கியதும் கம்பியையும் ரூட்டரின் மின்சாரத்தையும் கழற்றிவிட்டு, மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டுங்கள்.